போனில் பளிச்... பிரிண்டில் டல்! வீட்டில் எடுக்கும் போட்டோவின் கலர் ஏன் மாறுது?

போனில் பார்க்கும்போது மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை தகதகன்னு இருக்கும். அதே படத்தை வீட்டு பிரிண்டரில் எடுத்தால் வெறும் நீலமாக வந்து நிற்கும். முகம் வேறு கறுத்துப்போயிருக்கும். சரி, இன்னொரு தடவை எடுப்போம் என்று இரண்டு, மூன்று ஷீட் போகும். மையும் வீண், காசும் வீண். பல நேரங்களில் பிரிண்டர் ரிப்பேரே ஆகியிருக்காது. உள்ளே எந்தப் பேப்பர் இருக்கிறது என்று அதற்கு நாம் சொல்லியிருக்க மாட்டோம்!

பேப்பருக்கும் கலருக்கும் என்ன சம்பந்தம்?

போன் திரை தானே ஒளிரும். சிவப்பு, பச்சை, நீல ஒளி கலந்து அதில் நிறங்கள் உருவாகின்றன. பேப்பருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதைத்தான் பார்க்கிறோம். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் அந்த வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதனால் திரையில் தெரியும் சில பளிச் நிறங்களைப் பேப்பரில் அப்படியே கொண்டுவர முடியாது.

சாதா ஏ4 பேப்பரில் மை இழைகளுக்குள் இறங்கிப் பரவும். கறுப்பு, சாம்பல் மாதிரி தெரியும். கிளாஸி பேப்பரின் பூச்சு மையை மேலேயே பிடித்துவைப்பதால் கறுப்பு ஆழமாகவும் நிறங்கள் அடர்த்தியாகவும் வரும். மேட் போட்டோ பேப்பர் இந்த இரண்டுக்கும் நடுவில்.

முதலில் மாற்ற வேண்டிய செட்டிங்

பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் ‘பேப்பர் டைப்’ அல்லது ‘மீடியா டைப்’ என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது ‘பிளைன் பேப்பர்’ என்றே கிடக்கும். எவ்வளவு மை விடுவது, எந்தக் கறுப்பை எடுப்பது என்பதை பிரிண்டர் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. சில பிரிண்டர்களின் கறுப்பு மை சாதா பேப்பருக்கானது. கிளாஸியில் விழுந்தால் ஒட்டாமல் விரலோடு வந்துவிடும். பாக்கெட்டில் உள்ள 180, 230 ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை. கிளாஸியா, மேட்டா என்பதைத் தனியாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னும் துல்லியமா வேணுமா?

அதற்குத்தான் ஐசிசி புரொஃபைல். குறிப்பிட்ட பிரிண்டர், மை, பேப்பர் மூன்றும் சேர்ந்தால் நிறம் எப்படி வரும் என்பதைக் குறித்துவைத்த சிறிய ஃபைல் இது. போட்டோ பேப்பர் கம்பெனிகள் பல, தங்கள் இணையதளத்தில் இதை இலவசமாகவே தருகின்றன. கம்ப்யூட்டரில் போட்டோஷாப் போன்ற மென்பொருளில் இதைத் தேர்வு செய்யலாம். அப்போது பிரிண்டர் செட்டிங்கில் உள்ள கலர் திருத்தத்தை ஆஃப் செய்துவிடுங்கள். இரண்டும் திருத்தினால் உள்ளதும் கெடும். வேறு கம்பெனி மை ஊற்றினால் பழைய புரொஃபைல் சரியாகப் பொருந்தாது.

பிரிண்ட் பட்டனை அழுத்தும் முன்...

* திரையின் பிரைட்னஸைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் பிரிண்ட் இருட்டாகத் தெரியும். நைட் மோடு, விவிட் மோடு இரண்டும் வேண்டாம்.

* ‘நாசில் செக்’ எடுத்துப் பாருங்கள். மெஜந்தா அடைத்திருந்தால் முகம் பச்சையடிக்கும். சயான் அடைத்திருந்தால் சிவப்படிக்கும்.

* முதலில் சின்ன சைஸில் ஒரு டெஸ்ட் பிரிண்ட். படத்தில் முகம், வெள்ளை வேட்டி, கறுத்த முடி மூன்றும் இருந்தால் நல்லது. வேட்டியில் வேறு சாயல் தெரிந்தால் கலர் ஒரு பக்கம் சாய்கிறது என்று அர்த்தம்.

* நன்றாகக் காய்ந்த பிறகு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே நல்ல பிரிண்டும் மஞ்சளாகத்தான் தெரியும்.

ஒரு தடவை சரியாக வந்துவிட்டதா? பேப்பரின் பெயரையும் செட்டிங்கையும் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பேப்பர் வாங்கினால் மட்டும், மறுபடி ஒரு டெஸ்ட் பிரிண்டிலிருந்து ஆரம்பிங்க.