சிங்கப்பூரில் புதிதாகக் குடியேறியோருக்கான பொழுதுபோக்கு இடங்கள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து தங்குவோர், தங்கள் ஓய்வு நேரத்தில் சென்றுவரக்கூடிய பூங்காக்கள், வழிபாட்டிடங்கள், கடற்கரைகள், அருங்காட்சியகங்கள் முதலியவை அந்நகரில் பல உள்ளன. சில நாட்கள் தங்கித் திரும்பும் சுற்றுலாப் பயணியின் தேவையும், ஆண்டுக்கணக்கில் தங்கி உழைப்பவரின் தேவையும் ஒன்றல்ல. குடியேறியவர்களில் பலருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்கு அனுப்பவும் கடனை அடைக்கவும் சென்றுவிடும். எனவே, கட்டணமில்லாததும் அடிக்கடி சென்றுவரத் தக்கதுமான இடங்களே அவர்களுக்கு முதன்மையானவை.

ஓய்வு நாள்

வெளிநாடுகளிலிருந்து வந்து வீடுகளில் பணிபுரியும் இல்லப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் வழங்கும் விதி சிங்கப்பூரில் 2013 இல் நடைமுறைக்கு வந்தது. எனினும், பணம் கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்க முடிந்தது. 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுசெய்யாமல் ஓய்வாகவே தரவேண்டும் என்று விதி மாற்றப்பட்டது.

கட்டுமானம், கப்பல் பட்டறை ஆகியவற்றில் பணிபுரிவோரில் பலர் துவாஸ், கிராஞ்சி போன்ற தொலைவான பகுதிகளிலுள்ள விடுதிகளில் தங்குகின்றனர். 2020 இல் கோவிட்-19 இவ்விடுதிகளில் பரவியபோது அவர்கள் வெளியே செல்வது நீண்ட காலம் கட்டுப்படுத்தப்பட்டது. பொதுமக்களுக்குத் தளர்வுகள் வந்த பின்னரும் இவர்களுக்கு அவை தாமதமாகவே கிடைத்தன. ஒரு நாள் விருப்பம்போல் வெளியே சென்றுவருவது எவ்வளவு தேவையானது என்பதை அக்காலம் உணர்த்தியது.

தேக்கா என்னும் லிட்டில் இந்தியா

சிராங்கூன் சாலையை ஒட்டிய இப்பகுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் கூடுமிடமாகும். நண்பர்களைச் சந்திப்பது, பணம் அனுப்புவது, ஊர்ச் சாப்பாடு உண்பது எல்லாம் இங்கு ஒரே நடையில் முடியும். வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் இச்சாலையிலேயே உள்ளன. தைப்பூசத்தன்று காவடிகள் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலைச் சென்றடையும். கேம்பல் லேனில் 2015 இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், இந்தியர்கள் இத்தீவுக்கு வந்து குடியேறிய வரலாற்றைக் காட்சிப்படுத்துகிறது.

புதிதாக வருவோர் பலர் தேக்காவோடு நின்றுவிடுவதுண்டு. பழகிய மொழியும் உணவும் அங்கே கிடைப்பது இதற்குக் காரணம். ஆனால், நகரின் மிகப் பழைய தமிழர் அடையாளங்கள் சில தேக்காவுக்கு வெளியே உள்ளன.

சைனாடவுனில் தமிழர் தடங்கள்

சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில் 1827 இல் நிறுவப்பட்டது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே. 1819 இல் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இதன் நிறுவனர். ஆண்டுதோறும் இங்கு தீமிதி நடைபெறுகிறது. அதே சாலையில், சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல் உள்ளது. சற்றுத் தொலைவில், தெலுக் ஆயர் தெருவில், 1830 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்கா உள்ளது. அதே தெருவில் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயிலும் நிற்கிறது. இத்தெரு முற்காலத்தில் கடற்கரையாக இருந்தது; கப்பலில் வந்து இறங்கியவர்கள் பாதுகாப்பாகக் கரைசேர்ந்ததற்கு இங்கே நன்றி செலுத்தி வழிபட்டனர். புதிதாக வந்திருப்பவர், தமக்கு முன்னே வந்தவர்களின் வரலாற்றை ஒரு மாலை நேரத்தில் நடந்தே இங்கு அறியலாம்.

பூங்காக்களும் இயற்கை இடங்களும்

சிங்கப்பூர் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்கா 1859 இல் தொடங்கப்பட்டது. 2015 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதிகாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும்; நுழைவு இலவசம். இதனுள் அமைந்த ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஹென்றி ரிட்லி இப்பூங்காவின் இயக்குநராக இருந்தபோது, மரம் பட்டுப்போகாமல் ரப்பர்ப் பால் எடுக்கும் முறையை இங்கு உருவாக்கினார். அதன் பின் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமானோர் கொண்டுவரப்பட்டனர்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காட்டில், மர உச்சிகளுக்கு இணையாக 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் உள்ளது. தெற்குக் குன்றுகளை இணைக்கும் 10 கிலோமீட்டர் நடைவழியில், சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் அமைந்துள்ளது. கடலைத் தூர்த்து உருவாக்கிய ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா சுமார் 15 கிலோமீட்டர் நீளமுடையது; இங்கு மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். வடக்கிலுள்ள சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளைக் காணலாம். இவை அனைத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

சாங்கி முனையிலிருந்து சிறு படகில் சென்றால் உபின் தீவை அடையலாம். பன்னிரண்டு பயணிகள் சேர்ந்ததும் படகு புறப்படும். அடுக்குமாடிகள் இல்லாத பழைய கிராமத்தை அங்கு காணலாம்.

மரினா பே

1972 இல் நிறுவப்பட்ட மெர்லயன் சிலை நீர்முகப்பில் உள்ளது. 2012 இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களில் கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. திறந்தவெளித் தோட்டங்களுக்கு இல்லை. 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள செயற்கை மரங்களில் இரவு நடைபெறும் ஒளிக்காட்சியை இலவசமாகப் பார்க்கலாம். அருகிலுள்ள எஸ்பிளனேட் அரங்கின் பொது இடங்களில் இலவச இசை நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு.

உணவும் நூலகமும்

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது. சீன, மலாய், இந்திய உணவுகள் ஒரே கூரையின்கீழ் மலிவாகக் கிடைக்கும் இந்நிலையங்கள் பிற இனத்தாருடன் பழகவும் உதவுகின்றன. விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் தமிழ் நூல்கள் உள்ளன. உள்ளே அமர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. குளிரூட்டப்பட்ட, அமைதியான இடமாகவும் அது அமைந்துள்ளது.

கவனிக்க வேண்டியவை

- தேசிய அருங்காட்சியகம் போன்றவற்றில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள கட்டணச் சலுகை பிறருக்குப் பொருந்தாமல் போகலாம். முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.
- 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்து விபத்தில் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் ஏற்பட்டது. 2015 இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நாடெங்கும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுவதும் இத்தடை உண்டு.
- பூங்காக்களில் புகைபிடிப்பதும் குரங்குகளுக்கு உணவளிப்பதும் குற்றமாகும், அபராதம் விதிக்கப்படும்.
- வெயிலும் திடீர் மழையும் ஆண்டு முழுவதும் உண்டு. நீண்ட நடைக்குக் காலை நேரமே ஏற்றது. குடையும் குடிநீரும் உடன் இருக்க வேண்டும்.
- வேலை அனுமதி அட்டையை எப்போதும் கையில் வைத்திருப்பது பாதுகாப்பானது.