வேருக்காகப் பிறந்த டயர்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மினி டிராக்டர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே புகுந்து, விழுந்து கிடக்கும் மட்டைகளை ஏறித் தாண்டி, வட்டப்பாத்தியை உடைக்காமல் ஒதுங்கிப் போகும். பதினைந்திலிருந்து முப்பது எச்.பி. வரையிலான வண்டிகள். பல வண்டிகளின் எடை ஒரு டன்னுக்குள்தான். அவற்றை வாங்கப் போகிறவர்கள் எச்.பி. எவ்வளவு, மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும், மானியம் உண்டா, ரொட்டவேட்டர் எத்தனை அடி என்று துருவித் துருவிக் கேட்பார்கள். டயரைப் பற்றி மட்டும் கேள்வியே எழாது. கம்பெனி மாட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் எஞ்சின் சக்தி இழுவையாக மண்ணில் இறங்கும் இடம் அது ஒன்றுதான். ஒரு சாண் அகலம்கூட இல்லாத ரப்பர் பட்டை, தரையைத் தொடும் சில அங்குல நீளம். மீதி எல்லாம் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் இரும்பு.

டிராக்டருக்கு ரப்பர் டயர் வந்த கதையும் ஒரு தோப்பில்தான் தொடங்குகிறது. 1920களில் அமெரிக்க டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரம். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பற்கள். கோதுமை வயலில் அவை நன்றாகவே பிடித்தன. புளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர்களுக்குத்தான் தொல்லை: மேலாக ஓடும் வேர்களைப் பற்கள் கிழித்துப் போட்டன. அவர்கள் தேய்ந்து கழித்துப்போட்ட லாரி டயர்களை எடுத்து இரும்புச் சக்கரத்தின் மேல் பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அதைக் கண்டு குட்ரிச் நிறுவனம் 1931இல் காற்றே அடைக்காத ஒரு ரப்பர் வளையத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் விஸ்கான்சினில் ஒரு பண்ணை டிராக்டருக்கு விமான டயரை மாட்டி, காற்றைப் பாதிக்கும் கீழே குறைத்து உழுது பார்த்தது. வண்டி வழுக்கும், உழவே நடக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். உழுதது; எரிபொருளும் மிச்சமானது. சந்தேகம் தீராத விவசாயிகளுக்காக 1933இல் பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற பழைய கார்ப் பந்தய வீரரை ஏற்றி, டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓடவிட்டார்கள். உழவுக்கும் அந்த வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது, விளம்பரம் அப்படித்தான்.

இடையில் ஒரு முறை சக்கரம் பின்னோக்கியும் சுழன்றது. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவில் ரப்பர் தட்டுப்பாடு. புதிய டிராக்டர்கள் பல மறுபடி இரும்புச் சக்கரத்தோடு வந்தன. அந்த மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் சொல்வதில்லை.

இரும்புச் சக்கரத்தின் மீது அமெரிக்காவில் இன்னொரு புகாரும் இருந்தது: அது சாலையைக் குதறியது. பல ஊர்களில் தார்ச்சாலையில் ஏறவே தடை. நமக்கு இது பழங்கதை இல்லை. டெல்டாவில் சேறு அடிக்கும் பருவம் வந்தால் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர்கள் வயலுக்கு வயல் தாவும்போது தார்ச்சாலையில் ஏறிவிடும், சாலை பெயரும், கேஜ் வீலோடு சாலையில் ஓட்டினால் நடவடிக்கை என்று மாவட்ட நிர்வாகம் அறிக்கை விடும். சேற்றுக்கு ஏற்ற கால் சாலைக்கு ஆகாது. சாலைக்கு ஏற்ற கால் சேற்றில் சுற்றும். டயர் தேர்வு முழுவதும் இந்த இழுபறிதான். வண்டி நாளின் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறது என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பின் டயரின் பக்கவாட்டில் ஆர்-1, ஆர்-4 என்பதுபோல் ஒரு குறியீடு இருக்கும். ஆர்-1 என்பது நாம் எல்லா டிராக்டரிலும் பார்க்கும் சாய்வு வரிப் பட்டன் டயர். எல்லா வயலுக்கும் பொது. சிறிய டயரில் பட்டனின் உயரம் ஓர் அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஆர்-1டபிள்யூ அதைவிடக் கால்பங்கு ஆழம் கூடியது, ஈர மண்ணுக்கு. ஆர்-2 கிட்டத்தட்ட இருமடங்கு ஆழம். நெல்லுக்கும் கரும்புக்கும் என்றே வகுத்தது. அதைத் தார்ச்சாலையில் ஓட்டுவது காசைச் சாலையில் தேய்ப்பதற்குச் சமம். ஆர்-3 பட்டன் குட்டையாக, நெருக்கமாக இருக்கும். கால்ஃப் மைதானம், கிரிக்கெட் மைதானம் போன்ற புல்தரைக்கு. ஆர்-4 என்பது ஆர்-1க்கும் ஆர்-3க்கும் நடுவே நிற்பது: தடித்த பட்டன், கெட்டியான பக்கச்சுவர், முன்னால் மண் அள்ளும் வாளி மாட்டும் வண்டிகளுக்கு. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கு மினி டிராக்டர் வாங்குபவர்கள் ஆர்-4ஐ விரும்பிப் போடுகிறார்கள், அங்கே வாளி இல்லாத வண்டி அபூர்வம் என்பதால். நம் ஊரில் உழவும் டிரெய்லரும்தான் பிரதான வேலை. என்னைக் கேட்டால் இங்கே பெரும்பாலோருக்கு ஆர்-1 போதும். அதற்குள் எந்த ஆர்-1 என்பதில்தான் யோசனை வேண்டும்.

கரிசல் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழை பெய்துவிட்டால் அது டயரில் அப்பிக்கொள்ளும். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் இரண்டு சுற்றில் டயர் மொழுமொழுவென்று உருண்டையாகிவிடும். பிறகு ஆழமும் கிடையாது, பிடிப்பும் கிடையாது. அகன்ற இடைவெளி கொண்ட டயர் சுற்றும் வேகத்திலேயே மண்ணை உதறும். செம்மண்ணும் சரளையும் கலந்த கெட்டித் தரையில் நேர்மாறு: அங்கே மண் அப்பாது, ரப்பர்தான் தேயும். நெருக்கமான, அகன்ற பட்டன் அங்கே அதிக நாள் வரும். ராமநாதபுரம் பக்கம் இது எதுவுமே முதல் கவலை இல்லை. சீமைக்கருவேல முள்தான் கவலை. ஆறு பிளை, எட்டு பிளை என்று டயரில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குவார்கள். அந்த எண் உள்ளே இருக்கும் நூலடுக்குகளின் எண்ணிக்கை என்று நினைக்க வேண்டாம்; எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான குறியீடு. எண் கூடக் கூடப் பக்கச்சுவர் விறைக்கும், விறைத்த டயர் மண்ணில் விரிந்து உட்காராது. முள்ளுக்குத் தப்பினால் பிடிப்பில் கொஞ்சம் இழக்க வேண்டும்.

பட்டன்களின் சாய்வு அழகுக்காக வைத்தது இல்லை. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அவை கூரை முகடுபோல் மேல்நோக்கிக் கூம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் நடுமுனை முதலில் தரையைத் தொட்டு, சேற்றை இருபுறமும் ஓரத்துக்குத் தள்ளும். தலைகீழாக மாட்டினால் சேறு நடுவில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ டிஸ்க்கைத் திருப்பிப் போடும்போது இந்தத் தவறு எளிதில் நேரும். திருப்பினால் இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது அளவு. 8.3-24 என்றால் டயரின் அகலம் 8.3 அங்குலம், ரிம்மின் விட்டம் 24 அங்குலம். நடுவில் சிறு கோடு இருந்தால் உள்ளே நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போட்ட சாதா நைலான் டயர். கோட்டின் இடத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் ரேடியல். நம் மினி டிராக்டர்களில் பெரும்பாலும் டியூப் போட்ட நைலான் டயர்தான். வரிசைப் பயிரில் இடையுழவு செய்பவருக்கு இந்த 8.3 தான் உயிர்நாடி. ஐந்து அடி இடைவெளிக் கரும்பில் வண்டியே வரிசைக்கு உள்ளே போய்வர வேண்டும். கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமே என்று 9.5 போட்டால் ஒவ்வொரு டயருக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடும். தோகையும் குருத்தும் அடிபடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இந்த ஆசை இன்னும் விலை பிடிக்கும். முன் டயர் சிறிது, பின் டயர் பெரிது. இரண்டையும் இணைப்பது பல்சக்கரங்கள். முன் டயர் பின் டயரைவிட நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை முந்திச் சுழலும்படி கணக்குப் போட்டுத்தான் அதைச் செய்திருப்பார்கள். வண்டியை முன் சக்கரம் சற்றே இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பின்னால் மட்டும் பெரிய டயர் போட்டால் அதன் சுற்றளவு கூடி, கணக்கு கெடும். முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். நெளிந்து கொடுக்கும் மண்ணில் அது தெரியாது, தார்ச்சாலையில் முன் அச்சின் பல்சக்கரங்கள் அதை வாங்கிக்கொள்ளும். அதனால் இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே ஜோடியாகத்தான் அளவு மாற்ற வேண்டும். டயர் கம்பெனிகள் ஒவ்வோர் அளவுக்கும் உருளும் சுற்றளவை அட்டவணையில் தருகின்றன. கடைக்காரரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். சாலையில் ஏறியதும் முன் இழுவையை விடுவித்துவிடுவதும் நல்லது.

இத்தனையும் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகு, பஞ்சர் கடையில் எல்லாம் பாழாகும்.

“எத்தன வைக்கட்டுங்க?”

“நல்லா கல்லு மாதிரி வைப்பா.”

காங்கேயத்திலும் கேட்கலாம், கடலூரிலும் கேட்கலாம். சொல் மாறும், கல் மாறாது. வயலில் பின் டயருக்குப் பொதுவாக 12லிருந்து 16 பவுண்டு காற்று போதும். முன்னால் இருக்கும் சிறு வரி டயருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். டிரெய்லரில் பாரம் ஏற்றிச் சாலையில் போகும்போது பின் டயருக்கும் கூட்டலாம், பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்சத்தைத் தாண்டாமல். கல்லாக இருக்கும் டயர் நடுப்பட்டையில் மட்டும் தரையைத் தொடும். பட்டனில் பாதி வேலையே செய்யாது. மண்ணுக்கு நேரும் கேடு அதைவிடப் பெரிது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை ஒட்டியே இருக்கும். காற்றைக் குறைத்தால் டயர் விரிந்து அதே எடையை அகலமாகப் பரப்பும். மேல் மண்ணை இறுக்குவது இந்த அழுத்தம். ஓர் அடிக்குக் கீழே இறுக்குவது அச்சின் மேல் இருக்கும் மொத்த எடை. பெரிய டிராக்டர்களால் வருடக்கணக்கில் இறுகிப்போன அந்தக் கெட்டித்தட்டை உடைக்கத்தான் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உளிக்கலப்பை போடச் சொல்கிறார்கள். சிறு வண்டிக்கு எடை குறைவு என்பது வரம்; அதில் கல் மாதிரிக் காற்று வைப்பது அந்த வரத்தைத் திருப்பிக் கொடுப்பது.

அதே சிறு எடைதான் கலப்பை இழுக்கும்போது குறையாகவும் மாறும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்கு டியூபுக்குள் தண்ணீர் நிரப்பும் வழக்கம் உண்டு. வால்வை மேலே கொண்டுவந்து, முக்கால்வாசி வரை தண்ணீர், மீதி காற்று. 8.3-24 போன்ற டயரில் ஒரு பக்கத்துக்கு ஐம்பது லிட்டரை ஒட்டிப் பிடிக்கும், அதாவது ஐம்பது கிலோ. குளிர் நாடுகளில் உறைந்துவிடுமே என்று கால்சியம் குளோரைடு கலப்பார்கள், அது ரிம்மை அரிக்கும். நமக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர் போதும். சேற்று வயலுக்குப் போகிறவர்கள் இதைச் செய்யாமல் இருப்பது நல்லது.

எவ்வளவு எடை போதும் என்பதை ஒரு சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் சொல்லிவிடும். பின் டயரின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் வரை ஓட்டுங்கள். 30 மீட்டர் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்று. 26 மீட்டர் வந்தால் நான்கு மீட்டர் வழுக்கலில் போயிருக்கிறது, நூற்றுக்குப் பதின்மூன்று. எட்டிலிருந்து பதினைந்து வரை இருந்தால் சரியான வண்டி, சரியான டயர். அதற்கு மேல் போனால் டீசலும் ரப்பரும் வீண். வழுக்கலே இல்லை என்றால் எடை அதிகம். எஞ்சினும் கியரும் தேவையில்லாமல் முக்குகின்றன.

நாடா இல்லாவிட்டால் தடத்தைப் பார்த்தாலே போதும். பட்டன் அச்சு மண்ணில் முத்திரை குத்தியதுபோல் விளிம்பு உடையாமல் தெளிவாக இருந்தால் எடை கூடுதல். அச்சே தெரியாமல் மண் குழம்பிக் கிடந்தால் வழுக்கல் கூடுதல். நடுவில் அச்சு தெரிந்து ஓரங்கள் மட்டும் உதிர்ந்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் அது சரியாகத் தெரியாது. மண்ணில் ஈரம் காயாத காலை நேரத்தில், சால் முடியும் இடத்தில் இறங்கிப் பின்னால் நடந்து பாருங்கள்.