விற்கத் தெரிந்தால் வீடு நிமிரும்!

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள். வியாபாரம் என்றதும் பலருக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும்.

"எனக்கு அவ்வளவாகப் பேச வராது. நான் எங்கே விற்பது?" என்று ஒதுங்கி நிற்பவர்கள் ஏராளம்.

அழகாக ரவிக்கை தைக்கும் பெண் இருப்பார். ருசியாக முறுக்குச் சுடும் அம்மாள் இருப்பார். மரத்தில் எதையும் செய்து தரும் இளைஞர் இருப்பார். கையில் தொழில் இருக்கிறது. பையில் காசு இல்லை! ஏன்? செய்யத் தெரிந்தது. விற்கத் தெரியவில்லை.

விற்பது பிறவியிலேயே வருகிற வரம் அல்ல. சைக்கிள் ஓட்டப் பழகுவது போல அதையும் பழகிக் கொள்ளலாம். அதற்கு வாயைவிடக் கண்ணும் காதும்தான் அதிகம் வேண்டும்.

இது வெறும் பேச்சு அல்ல. நம் நாட்டிலேயே நடந்த மூன்று உண்மைக் கதைகளைக் கேளுங்கள்.

சைக்கிளில் வந்த சோப்புத் தூள்

குஜராத் மாநிலத்தைச் சேர்ந்தவர் கர்சன்பாய் பட்டேல். இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவர். ஆமதாபாத்தில் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து வந்தார்.

1969-ம் ஆண்டு. துணி துவைக்கும் சோப்புத் தூள் அப்போது வசதி உள்ளவர் வீட்டுப் பொருள். பெரிய கம்பெனியின் தூள் கிலோ சுமார் 13 ரூபாய். சாதாரணக் குடும்பங்கள் அதை வாங்கவில்லை.

சோப்புத் தூள் வேண்டாம் என்றா மக்கள் சொன்னார்கள்? இல்லை! அந்த விலைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பட்டேல் இதைப் புரிந்து கொண்டார்.

வீட்டுக் கொல்லையில் தாமே மஞ்சள் நிறத் தூளைக் கலந்தார். பொட்டலம் கட்டினார். மகள் நிருபமாவின் பெயரை ஒட்டி "நிர்மா" என்று பெயர் வைத்தார். விலை என்ன தெரியுமா? கிலோ 3 ரூபாய்!

கடை வைக்கப் பணம் இல்லை. விளம்பரம் செய்யவும் பணம் இல்லை. சைக்கிள் இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் வீடு வீடாகப் போய் விற்றார். நடுவில் தரகர் இல்லை. கடைக்காரர் கமிஷன் இல்லை. அதனால்தான் அந்த விலை கட்டுபடி ஆயிற்று.

சில ஆண்டுகளில் வேலையை விட்டார். "நிர்மா" நாடெங்கும் பரவியது. 2010-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஐந்து காலிப் பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட்!

இரண்டாவது கதை நம்முடைய கடலூர்க் கதை.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலித் தொழிலாளியும், ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு ஒரே வழி, சின்னப் பாக்கெட்! ஒருவர் ஒருநாள் கூலியில் பாட்டில் வாங்க முடியாது. ஒருதடவைக்கு வேண்டியதை வாங்க முடியும் அல்லவா?

அவருடைய மகன்களில் ஒருவர் சி.கே.ரங்கநாதன். 1983-ம் ஆண்டு, கையில் இருந்த 15 ஆயிரம் ரூபாயைப் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். "சிக்" என்ற ஷாம்பு பாக்கெட்டை விற்றார்.

கிராமங்களில் அப்போது ஷாம்பு என்றால் என்ன என்றே பலருக்குத் தெரியாது. சீயக்காயும் சோப்பும்தான். "வாங்குங்கள், வாங்குங்கள்" என்று கத்தினால் யார் வாங்குவார்கள்?

ஊர் நடுவே ஒரு சிறுவனை உட்கார வைத்தார்கள். எல்லோரும் பார்க்க அவன் தலையில் ஷாம்பு போட்டு அலசிக் காட்டினார்கள். "தலையைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள்" என்றார்கள். தொட்டுப் பார்த்த கை, மடியை அவிழ்த்தது!

அத்துடன் இன்னொரு யுக்தி. எந்தக் கம்பெனியின் ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும், 5 காலிப் பாக்கெட்டைக் கொடுத்தால் ஒரு "சிக்" பாக்கெட் இலவசம்! மற்ற கம்பெனியின் வாடிக்கைக்காரர்கள் தாமாகவே தேடி வந்தார்கள். பிறகு "சிக்" காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். அதற்குள் மக்கள் கை பழகிவிட்டது. அந்தத் தொழில்தான் வளர்ந்து, "கெவின்கேர்" என்ற பெரிய நிறுவனமாக நிற்கிறது.

மொட்டை மாடியில் காய்ந்த அப்பளம்

மூன்றாவது கதை தாய்மார்களுக்கு.

1959-ம் ஆண்டு மார்ச் 15-ந்தேதி. பம்பாயில் கிர்காம் பகுதி. ஏழு பெண்கள் ஒரு மொட்டை மாடியில் கூடினார்கள். கடனாக வாங்கிய 80 ரூபாய்தான் முதல். அப்பளம் இட்டார்கள். முதல் நாள் சரக்கு 4 பாக்கெட்! தெரிந்த வியாபாரி ஒருவரிடம் கொடுத்து விற்றார்கள்.

நட்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்து கொண்டார்கள்.

மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. வேலை நின்றது. அதற்காக அழுது கொண்டு உட்காரவில்லை. மறு ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கீழே அடுப்பு! மழையிலும் வேலை நடந்தது.

தொடக்கத்தில் நயம் சரக்கு ஒன்று, மட்டச் சரக்கு ஒன்று என இருவகை அப்பளம் இட்டார்கள். கடன் கொடுத்து உதவிய பெரியவர் அதைத் தடுத்தார். ஒரே தரமாக இட வேண்டும், தரத்தைக் குறைக்கவே கூடாது, கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும் என்று அறிவுரை சொன்னார். பெண்கள் கேட்டுக் கொண்டார்கள்.

"லிஜ்ஜத்" அப்பளம் என்றால் இன்று யாருக்குத் தெரியாது? 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பங்காளிகள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பாடம் என்ன?

மூன்று பேரும் மூன்று வழியில் போனார்கள். ஆனால், வாய்ச் சாமர்த்தியத்தால் யாரும் ஜெயிக்கவில்லை.

வாங்குபவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார் ஒருவர். நம்பாதவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். இன்று வாங்கியவர் நாளையும் வரவேண்டும் என்று தரத்தைக் காத்தார்கள் அந்தப் பெண்கள்.

நம் தெருவில் காய்கறி விற்கும் அம்மாளைப் பாருங்கள். "நேற்று வாங்கிய கத்தரிக்காய் எப்படி அம்மா இருந்தது?" என்று கேட்கிறார். பூச்சி இருந்தது என்றால், மறுபேச்சு இல்லாமல் இரண்டு காய் கூடப் போடுகிறார். கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை! இதைவிட நல்ல விற்பனைப் பாடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

விற்றது எவ்வளவு? நின்றது எவ்வளவு?

ஆனால் ஒன்று. நன்றாக விற்றும் ஏழையாகவே இருப்பவர்கள் உண்டு. பெட்டி நிறையச் சில்லறை விழும். இரவில் எண்ணினால் ஒன்றும் இராது. காரணம் கணக்கில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வீட்டில் இருவர் சேர்ந்து 100 பொட்டலம் முறுக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அரிசி, உளுந்து, எண்ணெய் ரூ.520. எரிவாயு ரூ.60. பொட்டலப் பை ரூ.40. பஸ் கட்டணம் ரூ.40. ஆக மொத்தம் ரூ.660.

பொட்டலம் 10 ரூபாய். 100 பொட்டலத்துக்கு 1,000 ரூபாய். "340 ரூபாய் லாபம்!" என்று மகிழ்கிறார்கள்.

பொறுங்கள்! கடையில் போட்டால், பொட்டலத்துக்கு 2 ரூபாய் கடைக்காரருக்கு. 200 ரூபாய் போயிற்று. 10 பொட்டலம் நமுத்துத் திரும்பி வருகிறது. அதில் 80 ரூபாய் போயிற்று. நின்றது 60 ரூபாய்! இருவரின் ஒருநாள் உழைப்புக்கு ஆளுக்கு 30 ரூபாய்!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. பாதியை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் விற்று, பாதியை மட்டும் கடைக்குக் கொடுத்தால் 900 ரூபாய் வரும். 240 ரூபாய் நிற்கும். முன்கூட்டியே கேட்டு வைத்துக் கொண்டு, கேட்ட அளவுக்கே சுட்டால் சரக்கு திரும்பி வராது.

அடக்க விலை தெரியாமல் விற்பது, கண்ணைக் கட்டிக் கொண்டு நடப்பது போல. உங்கள் கூலியையும் அடக்க விலையில் சேர்த்து எழுதுங்கள்.

தண்டல் தின்னும் லாபம்

அடக்க விலை சரியாகப் போட்டாலும், லாபத்தைத் தின்ன இன்னொன்று காத்திருக்கிறது. அதுதான் தண்டல் வட்டி!

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ இருவரும் பொருளாதார அறிஞர்கள். 2019-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவர். ஏழைகளின் வாழ்க்கை பற்றி அவர்கள் 2011-ம் ஆண்டு வெளியிட்ட புத்தகத்தில் சென்னைப் பழ வியாபாரிகள் வருகிறார்கள்.

காலையில் சுமார் 1,000 ரூபாய் கடன். அதில் சரக்கு எடுப்பார்கள். மாலையில் விற்ற பணத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார்கள். ஒருநாள் வட்டி 1,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 47 ரூபாய்!

"47 ரூபாய்தானே?" என்று தோன்றும். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 14,100 ரூபாய்! 1,000 ரூபாய் முதலுக்கு இவ்வளவு!

இதிலிருந்து வெளியே வரமுடியுமா? முடியும். தினம் ஒன்றிரண்டு டீயைக் குறைத்து 10 ரூபாய் ஒதுக்குங்கள். மறுநாள் 990 ரூபாய் கடன் வாங்கினால் போதும். வட்டியும் குறையும். குறைந்த வட்டியையும் அந்த 10 ரூபாயோடு சேர்த்துப் போடுங்கள். 100 நாள் ஆகும் என்று நினைப்பீர்கள். சுமார் 38 நாளில் 1,000 ரூபாயும் உங்கள் சொந்தப் பணம் ஆகிவிடும்! 39-வது நாளில் இருந்து அந்த 47 ரூபாய் உங்கள் வீட்டுக்கு!

ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. சென்னையில் சில வியாபாரிகளின் கடனை ஆராய்ச்சிக்காரர்கள் தாங்களே அடைத்துப் பார்த்தார்கள். பலர் சில வாரங்களிலேயே மீண்டும் கடனில் விழுந்தார்கள்.

இதற்காக அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தப் பணத்தை எடுப்பது? சரக்கு வாங்கும் பணம்தானே கையில் இருக்கிறது? அதை எடுத்தால் முதலுக்கே மோசம்!

ஆகவே இரண்டு டப்பா வையுங்கள். ஒன்று சரக்கு டப்பா. மற்றொன்று ஆபத்து டப்பா. தினமும் விற்ற பணத்தில் முதலில் சரக்குப் பணம். பிறகு ஆபத்துக்குக் கொஞ்சம். மீதிதான் வீட்டுச் செலவுக்கு.

கை கொடுக்கும் வழிகள்

தமிழ்நாட்டில் கந்து வட்டியைத் தடுக்க 2003-ம் ஆண்டே சட்டம் வந்தது. தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-ம் ஆண்டு மத்திய அரசு சட்டம் செய்தது. நகராட்சியில் கணக்கெடுத்து அடையாள அட்டை தருவதற்கு அதில் வழி இருக்கிறது.

2020-ம் ஆண்டு "சுவநிதி" திட்டம் தொடங்கியது. தெருவோர வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன். முதல் கடன் 10 ஆயிரம் ரூபாயாக இருந்தது. 2025-ம் ஆண்டு 15 ஆயிரமாக உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த கடன் பெரிதாகக் கிடைக்கும்.

பெண்களுக்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இது 1989-ம் ஆண்டு தர்மபுரியில் பிறந்த முயற்சி.

ஓர் எச்சரிக்கை! "பணம் கட்டிச் சேருங்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன்" என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். பொருள் விற்றுக் காசு வந்தால் அது வியாபாரம். ஆள் சேர்த்துக் காசு வந்தால் அது வலை. இப்படிப்பட்ட சங்கிலித் திட்டங்களுக்கு 1978-ம் ஆண்டிலேயே தடைச் சட்டம் போட்டார்கள்.

இன்றே தொடங்கலாம்

உங்கள் கையில் என்ன தொழில் இருக்கிறது? ஒரு தாளில் எழுதுங்கள்.

அது உங்கள் தெருவில் யாருக்குத் தேவை? பத்து வீட்டில் கேளுங்கள். உடனே விற்க வேண்டாம். கேட்டால் போதும். என்ன விலை கொடுப்பார்கள், எப்போது வேண்டும், எந்த அளவு வேண்டும் என்று தெரிந்து கொள்ளுங்கள்.

பிறகு சிறிய அளவில் செய்யுங்கள். கொடுங்கள். மறுநாள் போய், "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். குறை சொன்னால் கோபிக்காதீர்கள். குறை சொல்கிறவர்தான் மீண்டும் வாங்கப் போகிறவர்.

வரவு செலவைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு கிடைக்கும். பிள்ளைக்குக் காசின் அருமை தெரியும்.

முதல் போணி 50 ரூபாயாக இருக்கலாம். கவலை வேண்டாம். நான்கு பாக்கெட் அப்பளத்தில் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள்!