பேறுகால அவசரநிலைகளைக் கையாளும் பயிற்சி: வெம்பக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தில் வீட்டுப் பேறு ஏறத்தாழ மறைந்துவிட்டது; இடர்மிக்க கருவுற்றோர் முன்கூட்டியே பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகின்றனர். இதன் விளைவாக, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் அவசரநிலையை நேரில் காணும் வாய்ப்பு அருகியுள்ளது. அரிதாக நேர்வதற்கு ஆயத்தமாக இருப்பது எவ்வாறு என்னும் வினாவை இக்கட்டுரை பட்டாசுத் தொழில் வட்டாரமான வெம்பக்கோட்டையை முன்வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெம்பக்கோட்டை, பேறுகால அவசரநிலை, உதிரப்போக்கு, செவிலியர் பயிற்சி, வட்டார வழக்கு

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை ஆய்வுலகில் இன்று விஜயகரிசல்குளம் அகழாய்வால் அறியப்படுகிறது. அன்றாட வாழ்விலோ அது பட்டாசு ஆலைகளின் வட்டாரம். ஆலையில் பணிபுரியும் பெண்களுள் பலர் உருப்படிக்கு இவ்வளவு என்னும் கூலி முறையில் உழைப்பவர்கள். பேறுகாலப் பரிசோதனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் இவர்களுக்குக் கூலி இழப்பு நாளாகும். 2018இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களுள் தமிழகத்தில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகருமே. அத்திட்டத்தின் முதன்மைக் கூறுகளுள் ஒன்று மக்கள் நல்வாழ்வு.

மாநில அளவில் நிலை மேம்பட்டதே. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழகத்தில் 54. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைப்பணியில் அமர்த்தி 24 மணிநேரமும் பேறு பார்க்கச் செய்தமை, அறுவை சிகிச்சையும் இரத்த வசதியும் கொண்ட சீமாங்க் மையங்கள், 2008இல் தொடங்கிய 108 ஊர்தி, ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்யும் நடைமுறை ஆகியவை இதற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. எஞ்சியுள்ள இறப்புகளைக் குறைப்பது முன்னதைவிடக் கடினமான பணியாகும்.

அரிதாக நேர்வதன் சிக்கல்

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் 20 பேறுகள் நிகழ்வதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 240, மூன்று செவிலியருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 80. பிறக்கும் குழந்தைகளுள் பெரும்பாலானவை தாமாகவே மூச்சுவிடும். சிலவற்றுக்குத் துடைத்துத் தூண்டினால் போதும். நூற்றுக்கு 3 முதல் 5 வரையானவற்றுக்கே பையும் முகமூடியும் கொண்டு காற்றுச் செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே ஒரு செவிலியர் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு முறையே 'ஆம்பு பை'யைக் கையிலெடுப்பார். வலிப்பு நோயாளியைப் பல ஆண்டுகள் காணாமலே இருக்கவும் கூடும்.

ஆனால் அந்த இரண்டு முறைகளிலும் அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம் மட்டுமே. பிறந்த ஒரு நிமிடத்திற்குள் குழந்தை மூச்சுவிட வேண்டும், அல்லது மூச்சு செலுத்தப்பட வேண்டும் என்பதே பயிற்சியின் அடிப்படை விதி. முகமூடி முகத்தில் சரியாகப் படியாமல் காற்றுக் கசிந்தால் மார்பு எழாது. நிமிடத்திற்கு 40 முதல் 60 முறை என்னும் வேகமும் பயனற்றுப்போகும். இது படித்து அறிவது அன்று. கை பழகி அறிவது. 2009இல் தொடங்கிய நவஜாத சிசு சுரக்ஷா திட்டத்தின் பயிற்சி இரண்டு நாள்களைக் கொண்டது. இரண்டு நாளில் கற்ற கைத்திறன் சில மாதங்களில் மங்கத் தொடங்கும் என்பதைப் பன்னாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆண்டுக்கொருமுறை மாவட்டத் தலைநகரில் நடக்கும் நீண்ட வகுப்பைக் காட்டிலும், பணியிடத்திலேயே வாரந்தோறும் பொம்மையைக் கொண்டு செய்யும் பத்து நிமிட ஒத்திகை மேலானது எனக் கருத இடமுண்டு. அவ்வொத்திகைக்கு மேற்பார்வையும் வேண்டும். இல்லையேல் அது பதிவேட்டில் மட்டுமே நிகழும்.

சான்றுகள் காட்டும் இருவேறு முடிவுகள்

பயிற்சி அளித்தாலே உயிர் பிழைக்கும் என்று கொள்வதும் பொருந்தாது. உத்தரப் பிரதேசத்தில் 2014 முதல் 2016 வரை 120 சுகாதார நிலையங்களில் 'பெட்டர்பர்த்' ஆய்வு நடைபெற்றது. பாதி நிலையங்களில் பாதுகாப்பான பேற்றுக்கான சரிபார்ப்புப் பட்டியலும் நேரடி வழிகாட்டலும் வழங்கப்பட்டன. இரு மாதம் கழித்துச் செவிலியர் உரிய செயல்களைச் செய்த அளவு அங்கே 73 விழுக்காடு. மற்ற நிலையங்களில் 42 விழுக்காடு. ஆயினும் தாய்-சேய் இறப்பிலோ கடும் நலிவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

2023இல் வெளியான 'ஈ-மோட்டிவ்' ஆய்வின் முடிவு இதற்கு மாறானது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், பேற்றுக்குப்பின் வெளியேறும் உதிரத்தை அளவுகோடிட்ட விரிப்பில் ஏந்தி அளந்தனர். அளவு மிகுந்தால் கருப்பையைத் தேய்த்தல், ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்புவழி நீர்மம், பரிசோதனை ஆகியவற்றை ஒருங்கே தொடங்கினர். கடும் உதிரப்போக்கு, அதன்பொருட்டு வயிற்றைத் திறந்து அறுவை செய்தல், அதனால் நேரும் இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 60 விழுக்காடு குறைவு கண்டது. பலவற்றைச் சீர்செய்ய முயலும் பொதுப் பயிற்சிக்கும், ஓர் அவசரநிலையை அளந்து உடனே செயற்படச் சொல்லும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இங்குப் புலனாகிறது. கண்மதிப்பில் உதிரம் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். ஆலை வெடிவிபத்து ஊருக்கே கேட்கும். உதிரப்போக்கோ ஓசையின்றி, மருத்துவம் கிட்டாவிடில் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் உயிரைக் கொள்ளக்கூடியது.

அனுப்பும் வழியும் இரத்தமும்

வெம்பக்கோட்டையிலிருந்து மேல் சிகிச்சைக்குச் செல்லும் வழி சிவகாசி, சாத்தூர், 2022இல் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி என நீள்கிறது. வலிப்பு கண்ட தாய்க்கு அனுப்பும் முன்பே, இரு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம் மெக்னீசியம் சல்பேட் ஊசியைச் செவிலியரே செலுத்த நடுவணரசின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. அதிகாரம் உண்டு, முன்பின் செலுத்தியிராத கைக்குத் தயக்கமும் உண்டு.

இரத்தம் செலுத்துவோர் பேறுகாலப் பயிற்சியின் வட்டத்திற்குள் பெரும்பாலும் வருவதில்லை. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகைக்காகக் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழி எச்.ஐ.வி. தொற்றியமை நாடறிந்தது. ஆய்வக நுட்பநரையும் 108 ஊர்திப் பணியாளரையும் செவிலியருடன் ஒரே ஒத்திகையில் அமர்த்த இம்மாவட்டத்திற்கு வேறு காரணம் தேவையில்லை.

வழக்குச் சொற்கள்

'செவிலி' சங்க அகப்பாடல்களில் வளர்ப்புத்தாய். இன்று மருத்துவப் பணியாளரின் பெயர். பொருள் மாறிய இச்சொல்லைத் தாங்கியவர் கற்கும் பாடம் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைகிறது. அவரை அழைக்கும் குடும்பமோ தமிழில் பேசுகிறது. 'தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சு', 'நஞ்சு விழல', 'ஜன்னி கண்டிருச்சு' என்னும் தொடர்களை மருத்துவக் குறியாக மாற்றும் திறனும் பயிற்சியைச் சார்ந்ததே. இவற்றுள் 'ஜன்னி' இடர் மிக்கது: கடுங்காய்ச்சலில் பிதற்றுவதும் ஜன்னி, வலிப்பு வந்து கைகால் வெட்டுவதும் ஜன்னி. முன்னது பேற்றுக்குப்பின் வரும் கிருமித்தொற்றின் அறிகுறியாகலாம். பின்னது இரத்த அழுத்தத்தால் வருவதாகலாம். இரண்டிற்கும் மருந்து வேறு. தொலைபேசியில் கேட்பவர் 'காய்ச்சல் இருக்கிறதா, கைகால் வெட்டியதா' என்னும் இரு வினாக்களை எழுப்பினால் ஐயம் பெரிதும் நீங்கும். இத்தகைய சொற்களை வட்டாரப் பெண்களிடமிருந்தே திரட்டிப் பயிற்சிக் கையேட்டில் சேர்ப்பது, வழக்காறு ஆய்வோரும் மருத்துவத் துறையினரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும்.