முருங்கையிலை இட்ட கோழிச்சாறு

நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக உணவையும் வைத்து எண்ணியது தொல்காப்பியம். ஒரு நாட்டு மக்களை அறிய விரும்புவோர் அவர்தம் உலையில் கொதிப்பது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்வகையில், காவிரிக்கரை ஜேடர்பாளையத்தையும் கடல் கடந்த பிலிப்பைன்சுத் தீவுகளையும் இணைக்கும் ஒரு சாற்றினைப் பற்றி இங்குக் காண்போம்.

ஜேடர்பாளையம், 1997ஆம் ஆண்டு சேலத்தினின்று பிரிந்த நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். கரும்பும் வெல்லமும் அதன் செல்வம். கோழிப்பண்ணைகளோ மாவட்டத்தின் அடையாளம். எனினும், சளி பிடித்தவர்க்கும் பிள்ளை பெற்றவர்க்கும் இப்பகுதி வீடுகளில் நாட்டுக்கோழிச் சாறே வைக்கப்படுகிறது. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள் ஆகியவற்றை அம்மியில் தட்டிப் போட்டுக் கொதிக்கவைப்பது நம் முறை.

பிலிப்பைன்சு மக்கள் இதே நோக்கத்துடன் வைக்கும் சாறு 'தினோலா' எனப்படும். இஞ்சி, பப்பாளிக்காய், முருங்கையிலை ஆகிய மூன்றும் அதன் உயிர்நாடி. முருங்கையை அவர்கள் 'மலுங்கை' என்கின்றனர். தாவரவியலார் வழங்கும் 'மொரிங்கா' என்னும் பெயரும் நம் முருங்கையிலிருந்து பிறந்ததே. பப்பாளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் வழியே அத்தீவுகளை அடைந்தது. இங்ஙனம் ஒரே சட்டியில் உலக வரலாறே கொதிக்கின்றது எனலாம்.

இதனை நம் இல்லத்திலும் எளிதில் செய்யலாம். முறைப்படி அறுத்துத் தூய்மை செய்த கோழி 1 கிலோ, இஞ்சி 50 கிராம், பூண்டு 6 பல், பெரிய வெங்காயம் 1, பப்பாளிக்காய் 300 கிராம், முருங்கையிலை இரண்டு கைப்பிடி, பச்சை மிளகாய் 2 ஆகியன வேண்டும். அரிசியை முதன்முறை களைந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை களைந்த நீரில் ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொள்க. சாற்றுக்குச் சற்றே திண்மை தருவது இந்நீர்தான்.

எண்ணெயில் இஞ்சி, பூண்டு, வெங்காயம் மூன்றையும் வதக்கிக் கோழித்துண்டுகளை இட்டுப் புரட்டுக. இறைச்சி வெளுத்ததும் களைந்த நீரை ஊற்றி, எழும் நுரையை அகற்றிச் சிறுதீயில் வேகவிடுக. பண்ணைக்கோழிக்கு அரைமணி நேரம் போதும். முற்றிய நாட்டுக்கோழிக்கு ஒரு மணிக்கு மேலும் ஆகும். இறைச்சி மென்மையுற்றபின் தோல் சீவிய பப்பாளித் துண்டுகளையும் மிளகாயையும் சேர்த்து, காய் வெந்ததும் முருங்கையிலையை இட்டு உடனே இறக்கிவிட வேண்டும். இலை நெடுநேரம் கொதித்தால் நிறமும் மணமும் கெடும். அவர்கள் உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன்சாற்றைச் சேர்ப்பர். நமக்கு உப்பே போதும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பால் வடியும் பப்பாளிக்காயைக் கருவுற்ற பெண்களுக்குத் தருவதை நம் மூத்தோர் விலக்கினர். மருத்துவரும் அதனைத் தவிர்க்கவே சொல்வர். அவர்களுக்குச் செய்யுங்கால் சுரைக்காயையோ சௌசௌவையோ இடுக. பிலிப்பைன்சிலும் இவ்விரு காய்களை இட்டுச் சமைக்கும் வழக்கம் உண்டு.

இச்சாற்றுக்கு இலக்கியத்திலும் இடம் உண்டு. ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மே தாங்கெரே' என்னும் புதினத்தில் ஒரு விருந்து நிகழ்கிறது. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய இளைஞன் இபார்ராவுக்கு நல்ல துண்டுகள் வாய்க்கின்றன. பாதிரியார் தாமசோவின் தட்டிலோ கழுத்தெலும்பும் கடினமான இறக்கையும் விழுகின்றன. அவர் சினந்து தட்டை விலக்குகிறார். அகப்பை எடுத்த பங்கிலேயே ஒரு சமுதாயத்தின் பகையை ரிசால் காட்டிவிடுகிறார்.

அதற்கு மறுதலையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை ஒன்று நமக்கு உண்டு. குழம்பு சமைக்கும்போது நீரைச் சற்றே கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் கூறியதாக முஸ்லிம் நபிமொழித் தொகுப்பு உரைக்கின்றது. இறைச்சியைக் கூட்ட இயலாத ஏழைக்கும் நீரைக் கூட்ட இயலும்; ஆகவே ஈகையினின்று எவர்க்கும் விலக்கில்லை. நோயுற்ற அண்டை வீட்டாருக்கு ஒரு கிண்ணம் சாறு அளந்து வைத்தபின் நாம் உண்ண அமர்வோமாயின், அச்சாறு இரு வீடுகளுக்கும் மருந்தாகும்.