தடை மதகிலா, கால்வாயிலா?

பள்ளிப்பட்டு வழியாக ஓடும் கொசஸ்தலை ஆறு கீழே பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1944-இல் கட்டப்பட்ட அந்த ஏரியிலிருந்து கால்வாய் வழியே சென்னைக்குக் குடிநீர் செல்கிறது. ஏரியில் எவ்வளவு நீர் இருந்தாலும், கால்வாயில் பாயும் அளவை மதகுதான் தீர்மானிக்கிறது.

மதகைச் சிறிதளவே திறந்து வைத்துவிட்டு, "இக்கால்வாய் இவ்வளவு நீரைத்தான் தாங்கும்" என்று ஒருவர் சொன்னால் சரியாகுமா? அவர் அளந்தது மதகை அல்லவா? கணிப்பொறிகளைச் சோதிப்பவர்களும் சில நேரம் இதே தவறைச் செய்கிறார்கள்.

2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியவர்கள் கொரோனா தடுப்பூசிக்குப் பெயர் பதிவதற்காகக் 'கோவின்' தளம் திறக்கப்பட்டது. வினாடிக்குச் சுமார் 55,000 கோரிக்கைகள் வந்து குவிந்தன. தொடக்கத்தில் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. இத்தகைய நெருக்கடியை முன்கூட்டியே செயற்கையாக உண்டாக்கிப் பார்ப்பதே சுமைச் சோதனை.

காலி இடம் உண்டா என்று ஓயாமல் கேட்கும் நிரல்களைச் சிலர் எழுதினர். ஒருவரே வழியை அடைத்துக்கொண்டால் மற்றவர் என்ன செய்வார்? ஆகவே கோவினின் பொதுத் தகவல் வழிக்கு ஒரு வரம்பு வைக்கப்பட்டது: ஒரு இணைய முகவரியிலிருந்து 5 நிமிடத்துக்கு 100 கோரிக்கைகள் மட்டுமே. இதுதான் மதகு.

இப்போது ஒரு கணக்கு. இதே போன்ற வரம்புள்ள தளத்தை, ஒரே கணிப்பொறியிலிருந்து வினாடிக்கு 100 கோரிக்கைகள் அனுப்பிச் சோதிக்கிறோம். முதல் வினாடியிலேயே நம் பங்கு தீர்ந்துவிடும். 5 நிமிடத்தில் அனுப்பிய 30,000-இல் 29,900 திரும்பிவிடும். சர்வர் எனப்படும் மையக் கணிப்பொறியோ வேலையின்றி இருக்கும்!

தடை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், திரும்பி வரும் எண்ணைப் பாருங்கள். 429 என்றால் "அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய்" என்று பொருள். 2012-இல் வகுக்கப்பட்ட குறியீடு இது. எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்ற குறிப்பும் சில நேரம் உடன் வரும். 503 என்றால் பெரும்பாலும் சர்வரே திணறுகிறது. இரண்டாவதாக, மறுப்பு எவ்வளவு விரைவில் வருகிறது என்று கவனியுங்கள். மதகு உடனே மறுக்கும். களைத்த சர்வர் தாமதித்தே பதில் தரும். மூன்றாவதாக, வேறு முகவரியுள்ள இன்னொரு கணிப்பொறியையும் சேர்த்துச் சோதியுங்கள். ஏற்கப்பட்டவை இரட்டித்தால், வரம்பு முகவரிக்கு உரியது; சர்வர் இன்னும் தாங்கும்.

காரணம் தெரிந்தபின், தளத்தை நடத்துபவரின் அனுமதியுடன், சோதனைக் கணிப்பொறிகளுக்கு மட்டும் மதகைத் திறந்துவிட்டுச் சர்வரின் வலிமையை அளக்கலாம். பிறகு மதகை மூடி, அது ஒழுங்காகத் தடுக்கிறதா என்றும் தனியே பார்க்க வேண்டும். அனுமதியின்றிப் பிறர் தளத்தில் இதைச் செய்வது சோதனை ஆகாது, தாக்குதலே ஆகும்.