பள்ளிமுனைப் பெருக்கமரம்: இலை உதிர்ந்தால் பட்டுப்போனதாக அர்த்தமில்லை

மன்னார் நகரை அண்டிய பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் உயரம் ஏழரை மீற்றர்தான். அடிமரத்தின் சுற்றளவோ 19 மீற்றருக்கும் அதிகம். பன்னிரண்டு பேராவது கைகோர்த்தால்தான் அதைச் சுற்றி வளைக்கலாம்.

அராபிய வணிகர்கள் 1477 இல் நட்டதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டை அப்படியே நம்பவேண்டியதில்லை. பெருக்கமரத்தின் வளர்ச்சி வளையங்கள் தெளிவற்றவை. முதிர்ந்த மரம் உள்ளே பொள்ளலாகியும் விடும். வயதைச் சரியாகக் கணிக்கக் காபன் பரிசோதனைதான் வழி. ஆனால் இது ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இனம் என்பதில் ஐயமில்லை.

வறட்சியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பார்ப்பவர்கள் பட்டுவிட்டதென்று நினைப்பார்கள். உண்மையில் பஞ்சுபோன்ற அடிமரத்தில் நீரைச் சேமித்துவைத்து, இலைவழியே அது வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. வெள்ளைப் பூக்கள் இரவில் மலரும். வௌவால்கள் தேடி வரும். பட்டையை உரித்தாலும் மீண்டும் வளரும். அதற்காகக் கத்தியால் பெயர் செதுக்கலாம் என்றில்லை.

1990 இல் மன்னார்த் தமிழர்கள் பலர் மடுவுக்கும், படகேறி மண்டபம் முகாமுக்கும் போனார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் அகதிகளானார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீடு, வளவு, வேலி என எத்தனையோ அடையாளங்கள் அழிந்திருந்தன. மரம் இருந்தது. இரு சமூகத்தவரும் தம்முடையதென்று சொல்லக்கூடிய நிழல் இங்கே அதிகமில்லை.

முதிய மரம் என்றென்றைக்கும் நிற்குமென்று இருந்துவிட முடியாது. ஆபிரிக்காவின் மிக முதிய 13 பெருக்கமரங்களில் 9, அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் முழுமையாகவோ பகுதியாகவோ பட்டுப்போனதாக 2018 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இங்கே இளங்கன்றுகளுக்கு ஆடு, மாடு போதும். மன்னாரில் கழுதையும் உண்டு.

ஆகவே கன்றுகளை வேலியுள்ள இடத்தில் வளர்க்கவேண்டும். பாடசாலை, கல்லூரி வளவுகள் அதற்குப் பொருத்தம். மாணவர் இருந்து படிக்க நாளை ஒரு நிழலும் கிடைக்கும். விதையின் தோல் கடினமானது. சுடுநீரில் போட்டு ஒருநாள் ஊறவைத்து, நீர் தேங்காத மணலில் ஊன்றலாம். கட்டடத்தை ஒட்டி நடக்கூடாது. முதல் சில ஆண்டுகள் கூடு கட்டிக் காக்கவேண்டும்.